சர்க்கரைப் பிடி

1897-ம் வருஷம். ஜப்பான் முழுக்க ரத்தபேதி. 91,000 பேருக்கு மேல் படுத்தார்கள். அதில் ஐந்தில் ஒருவருக்கு மேல் திரும்ப எழுந்திருக்கவில்லை. டோக்கியோவில் கிடாசாட்டோவின் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த கியோஷி ஷிகாவுக்கு அப்போது இருபத்தாறு வயதுதான். டாக்டர் பட்டம் வாங்கி ஒரு வருஷம். 36 நோயாளிகளைத் துருவித் துருவி ஆராய்ந்து கிருமியைப் பிடித்துவிட்டார் மனுஷர். அதோடு விட்டாரா? கிருமியைச் சூட்டில் கொன்று தடுப்பூசி செய்து, முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டார். போட்ட இடம் ரணமாகிப்போனதுதான் மிச்சம்!

1901-ல் ஷிகா ஜெர்மனிக்குப் போய் பால் எர்லிக்கிடம் சேர்ந்தார். எர்லிக் அப்போது ஒரு விநோதக் கருத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். செல்லின் மேல் சின்னச் சின்னக் கைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. விஷம் அந்தக் கையைப் பற்றினால்தான் அதன் ஜம்பம் பலிக்கும் என்று. கையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதனால் எதிர்ப்பும் பலமாகவே இருந்தது.

ஷிகாவின் கிருமி கக்கும் விஷத்துக்கு உரிய 'கை' எது என்பது தெரிய 1980-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிளைக்கோலிப்பிட். அதாவது கொழுப்பில் வேர்விட்டு, வெளியே மூன்று சர்க்கரைகளை நீட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறு. வேடிக்கை என்னவென்றால், ரத்த வங்கிக்காரர்களுக்கு இது பழைய ஆசாமி! 1927-ல் லாண்ட்ஸ்டைனரும் லெவினும் கண்டுபிடித்த 'பி' ரத்த வகைக் குடும்பத்தில் 'பி.கே.' என்று ஒன்று உண்டு. அதுவேதான் இது. உங்கள் சிவப்பணுக்களிலும் அநேகமாக இருக்கும்.

ஷிகா விஷத்துக்கு ஐந்து துண்டுகள் சேர்ந்த ஒரு வளையம். அதுதான் சர்க்கரையைக் கவ்வும். கவ்வியதும் மீதி ஒரு துண்டு உள்ளே நுழைந்து, செல்லின் புரதத் தொழிற்சாலையை நிறுத்திவிடும். ஆமணக்கு விதையின் விஷமும் அதே இடத்தில், அதே விதமாகத்தான் கைவைக்கிறது. சிவப்பணுவில் அந்தத் தொழிற்சாலையே கிடையாது. ஆகவே விஷம் ஒட்டினாலும் நேரடியாக ஒன்றும் ஆகாது. சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்ச் சுவர்களில்தான் வினை. அங்கே இந்தச் சர்க்கரை எக்கச்சக்கம். சுவர் கெட்டு, ரத்தம் உறைந்து, வழியில் போகும் சிவப்பணுக்கள் கிழிபடுகின்றன. அதிகம் மாட்டிக்கொள்வது குழந்தைகள்.

இதே விஷத்தின் மரபணுவை வைரஸ் மூலம் வாங்கிக்கொண்ட ஈ-கோலை கிருமிகளும் உண்டு. 1982-ல் அமெரிக்காவில் ஹாம்பர்கரில் வந்தது. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தில் வந்து ஐம்பது பேருக்கு மேல் காவு வாங்கியது. பாவம், முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல்!

ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்தால் போச்சு என்பீர்கள். இந்த ஈ-கோலைக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. சில மருந்துகள் விஷச் சுரப்பை அதிகமாக்கிவிடும். வேறு வழி யோசித்தார்கள். அதே சர்க்கரையைப் பொடியில் ஒட்டிக் குழந்தைகளைக் குடிக்கவைத்தால், விஷம் ஏமாந்து பொடியைக் கவ்வாதா? அருமையான யோசனை. 2003-ல் முடிவு வந்தது: பலனில்லை. பொடி குடலில் காத்திருந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் விஷம் சிறுநீரகத்தில் வேலையைத் தொடங்கிவிட்டிருந்தது.