அம்மாவின் காதும் 432 ஹெர்ட்ஸும்

போன பொங்கலுக்குத் திண்டிவனம் வீட்டுக்குப் போயிருந்தபோது, அம்மாவுக்கு யாரோ வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டு அனுப்பியிருந்தார்கள். 'ஜானி' (1980) படத்தில் எஸ். ஜானகி பாடியது. கூடவே ஒரு குறிப்பு: இது 432 ஹெர்ட்ஸுக்கு மாற்றியது, இயற்கையின் அதிர்வெண், ரத்த அழுத்தம் குறையும், 440 என்பது மக்களைப் பதற்றத்தில் வைக்க நாஜிக்கள் திணித்தது, இத்யாதி.

"ஃபார்வர்டை நம்பி மாத்திரைய நிறுத்திடாதம்மா" என்று ஆரம்பித்தேன்.

"மாத்திரைய யாரு நிறுத்துனா? இதுதான்டா நம்ம வீட்டுப் பாட்டு. நீ செல்லுல ஏத்திக் குடுத்தது கீச்சுனு இருக்குது. அப்பவே சொன்னேன், நீ காதுல வாங்கல."

சொன்னார்தான். வயசானால் காது அப்படித்தான் என்று நானும் விட்டுவிட்டேன். இந்த முறை உறுத்தியது. தேட ஆரம்பித்தேன்.

முதலில் நாஜி கதை. ஷெய்ப்ளர் என்ற ஜெர்மானியர் 440ஐப் பரிந்துரைத்தது 1834இல், ஸ்டட்கார்ட்டில். கோயபல்ஸ் பிறந்ததோ 1897இல். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1917இலேயே 440ஐ ஏற்றுவிட்டது. 1939 மே மாதம் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு அதை உறுதி செய்தது, அவ்வளவுதான். ஜெர்மனியும் அதில் இருந்தது. பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி, ஹாலந்தும் இருந்தன.

என்னை மாதிரி ஆளுக்குப் பிடித்த இடம் ஒன்று இதில் உண்டு. பிரிட்டனில் அதுவரை 439 என்றொரு அளவு புழங்கியது. பிபிசி ஒலிபரப்பிய சுருதி, நொடிக்கு 10 லட்சம் முறை அதிரும் ஒரு படிகத்திலிருந்து வந்தது. அதை 1000ஆல் வகுத்து, 11ஆல் பெருக்கி, 25ஆல் வகுத்தால் 440. 439 பகா எண். அந்தக் காலத்து மின்சுற்றில் அதைக் கொண்டுவருவது பெரிய தலைவலி. ஆக, 440 ஜெயித்ததில் சதியை விட வகுத்தலுக்குப் பங்கு அதிகம்!

432க்கும் வம்சாவளி உண்டு. பிரெஞ்சு இயற்பியலாளர் ஜோசப் சோவூர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்வைத்த யோசனை, நம் கணக்கில் ஒரு கட்டை சட்ஜத்தை 256 என்று வைப்பது. 2, 4, 8 என்று இரட்டித்துப் போனால் 256 வரும். அதன் 27/16 மடங்கு 432. அழகான கணக்குதான். ஆனால் ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது. நாளை 86,400ஆகக் கூறு போட்டது மனுஷன். நம்ம ஊர் நாழிகைக் கணக்கில் எண்ணியிருந்தால் 432 வேறு ஏதோ எண்ணாகியிருக்கும். இதில் இயற்கை எங்கே வருகிறது?

இசையமைப்பாளர் வெர்டி 1884இல் 432ஐ ஆதரித்தது உண்மை. பின்னணி தொண்டைப் பிரச்சினை. ஐரோப்பாவில் வாத்தியக் குழுக்கள் ஒலி எடுப்பாக இருக்கட்டும் என்று சுருதியை ஏற்றிக்கொண்டே போக, பாடகர்கள் திணறினார்கள். பிரான்ஸ் 1859இலேயே 435 என்று சட்டம் போட்டு நிறுத்தியது. நமக்கு இந்தச் சண்டையே கிடையாது. கர்நாடக சங்கீதத்தில் பாடகரின் தொண்டைக்கு எது வருமோ அதுதான் சட்ஜம். நாகஸ்வரத்தில் உச்ச சுருதித் திமிரி கோலோச்சிய காலத்தில், நீளமான பாரி நாகஸ்வரத்தைப் பரப்பிச் சுருதியை இறக்கினார் டி.என். ராஜரத்தினம் பிள்ளை. யாரும் ஹெர்ட்ஸ் பார்க்கவில்லை.

சரி, அம்மா விஷயத்துக்கு வருவோம். 440லிருந்து 432க்கு இறக்குவது 1.8 சதவீதம், ஓர் அரைக்கட்டையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இந்த வித்தியாசத்தை அம்மா எதோடு ஒப்பிட்டுச் சொன்னார்?

பரணில் அப்பாவின் கேசட் பெட்டி இருந்தது. அப்பாவுக்கு விழுப்புரத்தில் வேலை. சம்பள நாளில் பாட்டு லிஸ்ட் எழுதி, காலி டிடிகே 60 கேசட்டோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் கடையில் கொடுப்பார். நாலு நாள் கழித்து வாங்கிவருவார். அந்த ஜானி பாட்டும் அதில் இருந்தது, லிஸ்டில் மூன்றாவதாக, அவர் கையெழுத்தில்.

பழைய டேப் ரெக்கார்டருக்கு பெல்ட் மாற்றி, ஓட்டி, லேப்டாப்பில் ஏற்றினேன். செல்லில் இருக்கும் பதிப்பில் ஒரு தாளத்தட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சரியாக 200 நொடி வரும் இடத்தை எடுத்துக்கொண்டேன். கேசட்டில் அதே தூரம் 203 நொடி. 1.5 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. செல்லில் 440 என்றால் எங்கள் வீட்டில் 433.5!

குற்றவாளி எங்கள் டேப் ரெக்கார்டரா? கம்பெனி கேசட் ஒன்றைப் போட்டு இதே மாதிரி அளந்தேன். 200க்கு 201 வந்தது. மீதி ஒரு சதவீதம் விழுப்புரத்திலிருந்து வந்தது. பதிவு செய்யும் டெக் கொஞ்சம் வேகமாக ஓடினால், வீட்டில் போடும்போது பாட்டு மெதுவாக, இறங்கித்தான் கேட்கும். அந்த டெக்கில் பதிந்த வீடுகளில் எல்லாம் ஜானகி கொஞ்சம் இறங்கித்தான் பாடியிருப்பார்.

செல்லில் இருந்த பாட்டை 1.5 சதவீதம் மெதுவாக்கி, எதுவும் சொல்லாமல் அம்மாவிடம் கொடுத்தேன். அடுப்படியில் நின்றபடியே முழுசாகக் கேட்டார்.

"ம்... இது சரியா இருக்கு. ஆனா உங்கப்பா வாங்கினதுல இது முடிஞ்சதும் டக்குனு ஒரு சத்தம் வருமே?"

கேசட்டை மறுபடி போட்டுப் பார்த்தேன். வருகிறது. கடைக்காரர் ரெக்கார்டிங்கை நிறுத்திய இடம்.