திரை விலகிய கண்ணும் நாலு வருஷத்துக்கொரு மெடலும்

தபால்தலை சேர்க்கிற பழக்கம் எனக்குப் பள்ளி நாளிலேயே வந்தது. சுவிட்சர்லாந்து 1971இல் மருத்துவர்கள் வரிசை ஒன்று வெளியிட்டது. அதில் காசநோய்க் கிருமியைக் கண்ட ராபர்ட் கோக் இருக்கிறார், இன்சுலின் புகழ் பான்டிங் இருக்கிறார். அவர்களோடு சரிசமமாக ஜூல் கோனான் என்று ஒருவர். இவர் யார் என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இன்று விழித்திரை டாக்டர்கள் கும்பிட்டுச் சொல்லும் பெயர் அது.

நம் வயதுக்காரர்களுக்கு விழித்திரை பற்றி விளக்க வேண்டியதில்லை. சர்க்கரை புண்ணியத்தில் பாதிப்பேர் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அந்த வரிசையில் உட்கார்ந்தவர்கள்தான். கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு அது. சில சமயம் சுவரிலிருந்து காரை பெயர்வதுபோல் பெயர்ந்துவிடும். முதலில் கண்முன் பூச்சி பறக்கும், மின்னல் வெட்டும், பிறகு ஒரு பக்கத்திலிருந்து கறுப்புத் திரை இறங்கும்.

என் பெரியப்பாவுக்கு 1959 வாக்கில் இப்படித்தான் ஆயிற்று. மாடு முட்டியதில் கண்ணில் அடி. ஒரு மாதத்தில் பார்வை போய்விட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பார்த்துவிட்டு, "செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். ஊரில் திருஷ்டி என்றார்கள். ஆனால் செய்வதற்கு வழி பிறந்து அப்போதே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அது அவரிடம் வந்து சேரவில்லை.

அந்த வழியைக் கண்டவர்தான் கோனான். 1870இல் லோசான் நகரில் பிறந்தவர். அவர் காலத்தில் விழித்திரை பெயர்ந்தால் வைத்தியம் என்பது வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைப்பது. பலன் அநேகமாக ஒன்றுமில்லை. கோனான், எடுக்கப்பட்ட கண்களைப் பொறுமையாக அறுத்துப் பார்த்து ஒரு விஷயம் சொன்னார்: திரையில் முதலில் ஒரு கிழிசல் விழுகிறது, அந்தக் கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் நீர் திரைக்குப் பின்னால் இறங்கித் திரையைத் தள்ளிவிடுகிறது. ஆகவே கிழிசலைக் கண்டுபிடித்து அடை. சூடாக்கிய முனையால் கண்ணின் வெளிச்சுவரைத் துளைத்து, சரியாக அந்த இடத்தைச் சுட்டார். தழும்பு விழுந்து திரை ஒட்டிக்கொண்டது.

கேட்க எளிது. டியூபில் பஞ்சர் எங்கே என்று தெரியாமல் பேட்ச் ஒட்ட முடியுமா? ஆனால் 1920களில் அவர் இதைச் சொன்னபோது பெரிய பெரிய நிபுணர்கள் நம்பவில்லை. கிழிசல் காரணமல்ல, விளைவு என்றார்கள். பத்து வருஷத்துக்கு அந்த வாதம் ஓடியது. 1929இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலகக் கண் மருத்துவ மாநாட்டில்தான், அவரிடம் கற்றுப்போன மற்ற நாட்டு டாக்டர்களும் எழுந்து "எங்களுக்கும் பலிக்கிறது" என்றபோது, கதை மாறியது. ஆறே வருஷம். 1935இல் கோனான் காலமானார்.

இங்கே ஒரு துணைச் செய்தி. மேக்யுலா கெட்டுப்போன பெரியவர்களிடம் சின்னச் சின்னச் சதுரம் போட்ட அட்டை ஒன்று கொடுத்து, "கோடு வளைகிறதா பாருங்கள்" என்பார்களே, அந்த ஆம்ஸ்லர் அட்டையைச் செய்த மார்க் ஆம்ஸ்லர் கோனானின் சீடர்.

கோனான் பெயரில் மெடல் ஒன்று ஏற்படுத்தினார்கள். நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான், ஒருவருக்குத்தான். கண் மருத்துவ உலகில் அதற்கு மேல் மரியாதை இல்லை என்பார்கள். முதல் மெடல் 1941இல், உலக யுத்தத்தின் நடுவில், சூரிச் நகரத்து ஆல்ஃபிரட் வோக்ட்டுக்குப் போனது. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்சின் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தவர் அவர்தான்.

அதைப் பெற்ற ஜெர்மானியர் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத்தின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1945 ஜூலையில் சூரிய கிரகணம். ஒரு மருத்துவ மாணவர் வெறும் கண்ணால் பார்த்துக் கண்ணைச் சுட்டுக்கொண்டார். அந்தத் தழும்பைப் பார்த்த மேயருக்கு, சூரியன் தீமையாகச் செய்ததை நாம் நன்மையாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. ஹாம்பர்க் ஆஸ்பத்திரி மாடியில் கண்ணாடிகளால் வெயிலைப் பிடித்து நோயாளியின் கண்ணுக்குள் செலுத்தினார். ஹாம்பர்க்கில் வெயிலுக்கு எங்கே போவது? மேகம் மறைத்தால் வைத்தியம் நின்றுவிடும். பிறகு கார்பன் விளக்கு, அதன்பின் ஸைஸ் கம்பெனியோடு சேர்ந்து செனான் விளக்கு. இன்று நமக்கு வைக்கும் லேசரின் பாட்டனார் அதுதான். ஐந்து வருஷம் முன்பு என் வலக்கண்ணில் ஒரு கிழிசலை லேசரால் சுட்டு ஒட்டினார்கள். பதினைந்து நிமிஷ வேலை, பஸ்ஸில் வீடு வந்தேன். மேயரை நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைத்தும் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால் அது நோபல் கமிட்டிக்குத்தான் குறை.

நம் ஊருக்கு நேர் தொடர்பு உள்ளவர் இன்னொருவர், பெல்ஜியத்தில் பிறந்த சார்ல்ஸ் ஷெப்பன்ஸ். தலையில் மாட்டிக்கொண்டு இரு கண்ணாலும் விழித்திரையின் ஓரம் வரை பார்க்கும் கருவி அவருடையது. நம் டாக்டர்கள் படுக்கவைத்து, கண்கூசும் விளக்கோடு குனிந்து பார்ப்பது அதில்தான். பின்னர் பாஸ்டனில் அவர் கற்பித்தபோது பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் சென்னை எஸ்.எஸ். பத்ரிநாத். ஊர் திரும்பி 1978இல் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். 1983இல் பத்மஸ்ரீ, 1999இல் பத்மபூஷண். கோனானின் வழி தாமதமாகவாவது நம் பக்கம் வந்தது இப்படித்தான்.

அமெரிக்கக் கண் டாக்டர்கள் ஷெப்பன்ஸ் பெயரிலேயே கௌரவச் சொற்பொழிவு வைத்திருக்கிறார்கள். ஆனால் பாஸ்டனில் கூட வேலை பார்த்தவர்களுக்குப் பல வருஷம் ஒன்று தெரியாது. யுத்த காலத்தில் அவர் ஜாக் பெரோ என்ற பொய்ப்பெயரில், பிரான்ஸின் தெற்கே பிரனீஸ் மலையடியில் மர அறுவை ஆலை நடத்தினார். மரவியாபாரி வேஷத்தில், ஆடு மேய்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நாஜிகளிடமிருந்து தப்பியவர்களை மலை தாண்டி ஸ்பெயினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ரகசியப் போலீஸ் வந்தபோது தானும் காட்டு வழியே தப்பினார். அதற்காகப் பிரான்ஸ் அரசு லெஜியன் ஆஃப் ஆனர் விருது கொடுத்தது 2006 மார்ச்சில். அப்போது அவருக்கு வயது 94. அதே மாதம் காலமானார்.