பெல்பாஸ்ட்டுக்குப் படிக்கப் போகிறவர்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் புறப்படுமுன் ஆயிரம் ஏற்பாடுகள் செய்கிறார்கள். பாஸ்போர்ட், விசா, பாங்கியில் பணம், குளிருக்குக் கம்பளி, மழைக்குக் குடை எல்லாம் தயாராகிவிடும். போகிற ஊரின் கதையைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் மட்டும் மிகச் சிலரே. மற்ற ஊர்களில் அது தெரியாமலே காலம் தள்ளிவிடலாம். வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்ட்டுக்குப் போகிறவருக்கோ அது கம்பளியைவிட அவசியம்.

அந்த ஊரைப் பற்றி ஒரு பழைய வேடிக்கை உண்டு. வெளிநாட்டான் ஒருவனை வழிமறித்து, "நீ கத்தோலிக்கனா, பிராடெஸ்டண்டா?" என்று கேட்டார்களாம். "நான் இந்து" என்றானாம் அவன். "அது சரி, கத்தோலிக்க இந்துவா, பிராடெஸ்டண்ட் இந்துவா?" என்றார்களாம்! நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலில் உயிரே ஊசலாடிய காலமும் அங்கே இருந்தது.

சண்டை கடவுளைப் பற்றியதன்று, நாட்டைப் பற்றியது. 1921-இல் அயர்லாந்து பிரிந்தபோது வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றுவிட்டன. அங்கே பெரும்பான்மையினரான பிராடெஸ்டண்டுகள் அதையே விரும்பினார்கள். கத்தோலிக்கரில் பெரும்பாலோர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பினார்கள். வேலையிலும் வீட்டு வசதியிலும் உள்ளூர்த் தேர்தல் வாக்குரிமையிலும் தங்களுக்கு அநீதி நடப்பதாக அவர்கள் 1968-இல் கிளர்ச்சி செய்தார்கள். கிளர்ச்சி கலகமாயிற்று, கலகம் முப்பது ஆண்டுகள் நீண்டது. சுமார் 3,500 பேர் மாண்டார்கள்.

இந்த நகரில்தான் குவீன்ஸ் சர்வகலாசாலை இருக்கிறது. 1845-இல் நிறுவப்பட்டு, 1849-இல் கல்லூரியாகத் திறக்கப்பட்டது. எல்லா மதத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கட்டும் என்பதே அதன் நோக்கம். பாராட்டா கிடைத்தது? "தெய்வமற்ற கல்லூரி" என்ற ஏச்சுத்தான் கிடைத்தது. 1850-இல் கத்தோலிக்க ஆயர்களின் மாநாடு இத்தகைய கல்லூரிகளைக் கண்டித்தது. ஆயினும் அது வளர்ந்து 1908-இல் சர்வகலாசாலை ஆயிற்று.

ஊரில் பற்றிய தீ கல்விக்கூடத்தை விட்டுவைக்குமா? 1968-இல் அதன் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். 1983-இல் சட்ட விரிவுரையாளரும் அரசியல்வாதியுமான எட்கர் கிரகாம் சர்வகலாசாலை அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1998 ஏப்ரல் 10-இல் சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. அதற்குத் தலைமை தாங்கிப் பேச்சு நடத்திய அமெரிக்கர் ஜார்ஜ் மிட்செல், மறு ஆண்டே இந்தச் சர்வகலாசாலையின் வேந்தரானார். பொருத்தமான கௌரவந்தான்.

ஒப்பந்தம் துப்பாக்கிகளை ஓயச் செய்தது, சுவர்களை இடிக்கவில்லை. இரு சாராரின் தெருக்களுக்கும் நடுவே 1969-இல் தற்காலிகம் என்று சொல்லி எழுப்பத் தொடங்கிய தடுப்புகள் அவை. 2023-க்குள் அகற்றிவிடுவதென்று 2013-இல் திட்டமிட்டார்கள். அந்த ஆண்டு வந்தது, போயிற்று, சுவர்கள் நிற்கின்றன. பள்ளிக்கூடங்களும் பெரும்பாலும் தனித்தனிதான். இரு தரப்புப் பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பிக்க, 1981-இல் லகான் கல்லூரி என்ற பள்ளி 28 மாணவர்களோடு தொடங்கியது. அத்தகைய பள்ளிகள் பெருகியும், இன்னும் சிறுபான்மையே. ஆகவே அவ்வூர் இளைஞர் பலருக்கு, மறுபக்கத்தாரோடு முதன்முதலாக ஒரே பெஞ்சில் உட்காரும் வாய்ப்பு சர்வகலாசாலையில்தான் கிடைக்கிறது.

அந்தப் பெஞ்சில் போய் உட்காரப் போகும் அந்நிய மாணவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? "எந்தப் பள்ளியில் படித்தாய்?" என்பது அங்கே சாதாரணக் கேள்வியன்று, பதிலில் மதம் தெரிந்துவிடும். ஒரே ஊரை ஒருவர் டெர்ரி என்பார், மற்றவர் லண்டன்டெர்ரி என்பார். திருத்தப் போக வேண்டாம். யார் பக்கம் நியாயம் என்று முதல் மாதத்திலேயே தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம்.

அந்நியருக்கு அங்கே ஒரு பாக்கியம் உண்டு. சுவரின் இரண்டு பக்கமும் நடந்துபோய், இரண்டு வீட்டுத் துக்கத்தையும் அவரால் கேட்க முடியும். அவ்வூரில் பிறந்த பலருக்கு நெடுங்காலம் கிட்டாத வாய்ப்பு அது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் பட்டம் மட்டும் வாங்கித் திரும்புகிறவர், பாதிப் படிப்பை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.