ஹகேவுக் குழியும் ஒற்றையறை வீடும்: பஞ்சகாலச் சேமிப்பு குறித்து ஒரு வரலாற்று நோக்கு

பேரிடர் நெருங்கும் போதெல்லாம் குடிமக்களுக்கு ஓர் அறிவுரை வழங்கப்படுகிறது: வீட்டில் சில வாரங்களுக்குரிய உணவுப்பொருள்களை முன்கூட்டியே சேமித்து வையுங்கள் என்பதே அது. சேமிப்பை முன்யோசனையின் அடையாளமாகவும், சேமிப்பின்மையை அலட்சியத்தின் விளைவாகவும் இவ்வறிவுரை கருதுகிறது. ஆனால், தானியத்தைப் பல்லாண்டுகள் கெடாமல் காக்கும் நுட்பத்தில் தேர்ந்திருந்த மைசூர் நாட்டின் வரலாறு இக்கருத்துக்கு உடன்படவில்லை.

தென் கர்நாடகத்தின் பழைய தானியச் சேமிப்பு முறை நிலத்தடிக் குழியாகும். கன்னடத்தில் இது ஹகேவு எனப்படும். நீர் தேங்காத மேட்டு நிலத்தில், இறுகிய மண்ணில் குழி வெட்டி, உட்புறம் வைக்கோல் பரப்பி, நன்கு உலர்ந்த ராகியைக் கொட்டி, வாயைக் கல்லாலும் மண்ணாலும் அடைத்துவிடுவர். ராகி மிகச் சிறிய மணி, கடினமான தோலுடையது, புழுபூச்சிகள் எளிதில் துளைப்பதில்லை. அடைபட்ட குழிக்குள் தானியமும் பூச்சிகளும் சுவாசிப்பதால் பிராணவாயு குறைந்து கரியமில வாயு மிகுகிறது. எஞ்சியுள்ள பூச்சிகளும் மடிகின்றன. குழியைத் திறந்தவுடன் அதனுள் ஆள் இறங்கினால் மூச்சடைத்து இறக்க நேரிடும். ஆகவே சிறிது நேரம் காற்றாட விட்டு, அதன் பின்னரே இறங்குவர். தானியத்தைக் காத்த காற்றே மனிதனைக் கொல்லவும் வல்லது என்பதை உழவர் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

தமிழகத்தின் குதிர், குலுக்கை, பத்தாயம் ஆகியவற்றிலிருந்து ஹகேவு ஒரு வகையில் வேறுபடுகிறது. குதிரிலிருந்து அன்றாடம் நெல் எடுக்கலாம். ஹகேவையோ அவ்வாறு திறந்து திறந்து மூட இயலாது. ஒருமுறை திறந்தால் காற்றும் ஈரமும் புகுந்துவிடும். எனவே குதிர் ஆண்டுச் செலவுக்குரியது, ஹகேவு பஞ்சத்துக்குரியது.

இவ்வளவு தேர்ந்த சேமிப்பு மரபு கொண்ட நாட்டில்தான் 1876–78 இன் பெரும்பஞ்சம் நேர்ந்தது. தமிழ் மக்கள் நினைவில் தாது வருடப் பஞ்சம் என நிலைத்துவிட்டதும் இதுவே. மைசூர் சமஸ்தானம் அப்போது பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆங்கிலேய ஆணையரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1871 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 50 லட்சத்து 55 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை, 1881 இல் ஏறத்தாழ 41 லட்சத்து 86 ஆயிரமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய தொகையையும் கருத்தில் கொண்டால் இழப்பு இன்னும் பெரிது. குழிகள் நிறைந்த நாடு ஏன் இவ்வாறு மாண்டது?

முதற்காரணம், குழி யாருடையது என்பதில் உள்ளது. விளைச்சலில் உணவுக்கும் விதைக்கும் வரிக்கும் போக எஞ்சுவதே குழிக்குச் செல்லும். நிலமற்ற கூலிக்கும் நெசவாளிக்கும் எஞ்சுவது ஏதுமில்லை. அவர்களுக்குக் குழியும் இல்லை. சிறு உழவனுக்கோ நிலவரியைக் காசாகச் செலுத்த வேண்டிய கட்டாயம் இருந்தது. அதற்காகத் தானியத்தை விற்றாக வேண்டும். இரண்டாவது காரணம், பஞ்சம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1875 இலேயே மழை குறைந்திருந்தது. இருப்பு கரையத் தொடங்கிய பின்னரே 1876 இன் பெரும் வறட்சி வந்தது. மூன்றாவது காரணம், விலை. பெங்களூருக்கும் ஜோலார்ப்பேட்டைக்கும் இடையே 1864 இலேயே இருப்புப்பாதை அமைந்திருந்தது. அதன் வழியே தானியமும் வந்தது. ஆனால் வேலையும் கூலியும் அற்றுப்போனவர்களால் அதனை வாங்க முடியவில்லை. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது அரசப்பிரதிநிதி லிட்டனின் உறுதியான கொள்கை. பஞ்சம் என்பது உணவு இல்லாமை மட்டுமன்று, உணவைப் பெறும் உரிமை இல்லாமை என்று அமர்த்தியா சென் 1981 இல் வகுத்துரைத்த கருத்துக்கு மைசூர் தக்க சான்றாகிறது.

ஊர்களை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாகப் பெங்களூரை நோக்கி நடந்தனர், கஞ்சித்தொட்டிகளில் திரண்டனர். நிவாரணப் பணிகளுள் ஒன்றாகவே பெங்களூர்–மைசூர் இருப்புப்பாதை தொடங்கப்பட்டது. 1881–82 இல் அது கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்டது. அண்டை மாகாணமான சென்னையில் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த நிவாரணக் கூலி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம் தானியமும் சிறு காசுமாகும். கடும் உடலுழைப்புக்கு இது போதாது என்று அம்மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதிட்டார். ஒரு மனிதன் உயிர்வாழ எவ்வளவு தானியம் வேண்டும் என்பது அரசியல் வினாவாக மாறியது அப்போதுதான். 1880 இன் பஞ்ச ஆணைய அறிக்கையும், அதைத் தொடர்ந்த பஞ்ச விதித்தொகுப்புகளும், பஞ்சகாலத்தில் அரசின் கடமை யாது என்பதை முதன்முறையாக எழுத்தில் வரையறுத்தன.

இவ்வரலாற்றின் தொடர்ச்சியை ஒக்கலிபுரம் போன்ற பகுதிகளில் காணலாம். பெங்களூர் நகர ரயில் நிலையத்தை அடுத்து, இருப்புப்பாதைகளை ஒட்டி அமைந்த உழைப்பாளர் குடியிருப்பு அது. தமிழ்க் குடும்பங்கள் பலவும் அங்கு வாழ்கின்றன. நெருக்கமான ஒற்றையறை வீடுகளில் ஹகேவுக்கு மண்ணில்லை, குதிருக்கு மூலையில்லை. அங்கு எஞ்சியிருக்கும் சேமிப்பு மரபு பெரும்பாலும் பெண்களின் கையில் உள்ளது: உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் இடுவது, வெயில் காலத்தில் வற்றலும் வடகமும் போடுவது, புளியை உப்பிட்டு அடைத்து வைப்பது. மிச்சம் இல்லாத இடத்தில் மிச்சத்தை உண்டாக்கும் முயற்சி இது.

இம்முயற்சியின் எல்லையை எளிய கணக்கொன்று காட்டும். 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய முதல் ஊரடங்கு 21 நாள்களுக்கு அறிவிக்கப்பட்டது. நாளொன்றுக்குத் தலைக்கு 400 கிராம் தானியம் என்று கொண்டால், நால்வர் உள்ள குடும்பத்துக்கு 21 நாள்களுக்கு ஏறத்தாழ 34 கிலோ வேண்டும். பருப்பு, எண்ணெய், விறகு அல்லது எரிவாயு ஆகியவை தனி. தினக்கூலியில் வாழும் குடும்பம் ஒன்று, கூலி நிற்கும் முன்பே இதற்குரிய பணத்தை மொத்தமாகத் திரட்டியாக வேண்டும். பிடியரிசிப் பானை சில நாள்களைத் தாங்கும்; சில வாரங்களைத் தாங்காது. அவ்வேளையில் பொதுவிநியோக முறையே பலருக்குக் குழியாகவும் குதிராகவும் அமைந்தது. 2013 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் பெரும்பாலான பயனாளிகளுக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உரிமையாக்கியிருந்தது. 2020 ஏப்ரல் முதல் மேலும் 5 கிலோ இலவசமாக அறிவிக்கப்பட்டது. குடும்ப அட்டை சொந்த மாநிலத்தில் இருக்க, உடல் மட்டும் பெங்களூரில் இருந்த புலம்பெயர் தொழிலாளர் பலருக்கோ அந்தக் குழியின் வாய் அடைபட்டே கிடந்தது.

ஆக, சேமிப்பின் வரலாற்றைக் கலத்தின் வரலாறாக மட்டும் எழுதுதல் குறையுடையதாகும். ஹகேவு கட்டுமான அறிவில் தோற்கவில்லை. 1876 இல் அதன் ராகி கெட்டுப்போனதால் மக்கள் மடியவில்லை. குழியை நிரப்பும் உபரியும் அதைத் திறக்கும் உரிமையும் சிலரிடம் மட்டுமே இருந்ததால் மடிந்தனர். வீட்டில் சேமித்து வையுங்கள் என்ற அறிவுரை பயனற்றதன்று; ஆனால் சேமிக்கத்தக்க கூலியும் இடமும் இல்லாதோரிடம் அதை மட்டுமே கூறுவது, 1876 இல் விலை ஏறியபின் தானியத்தை வாங்கிக்கொள்ளுமாறு கூறியதற்கு ஒப்பாகும். தனிமனிதக் குதிர் எட்டாத இடத்தில் பொதுக் களஞ்சியமே குதிராக வேண்டும். அதன் திறவுகோல் அட்டையில் அச்சிட்ட முகவரிக்கு அன்றி, பசித்த மனிதருக்கு உரியதாக வேண்டும்.