பகாவ் தோட்டங்களில் தேரையும் அதன் நஞ்சும்

கெமாஸிலிருந்து பகாவுக்கு 1910இல் இரயில் பாதை திறக்கப்பட்ட காலத்தில் நெகிரி செம்பிலானின் உட்பகுதிக் காடுகள் பால்மரத் தோட்டங்களாக மாறிக்கொண்டிருந்தன. அம்மாற்றத்தால் வாழ்வு பெற்ற உயிர்களுள் தேரையும் ஒன்று. 1799இல் ஷ்னைடர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அறிவியல் பெயரிட்ட இந்த ஆசியத் தேரை அடர்காட்டில் அரிதாகவே தென்படும். மனிதர் வெட்டித் திருத்திய நிலமும், தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் சாக்கடை ஓரமும், பூச்சிகள் மொய்க்கும் விளக்கடியுமே அதற்கு உகந்தவை. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தத்தம் ஊரில் கண்டதும் இதே இனந்தான்.

தேரையைக் கவ்விய நாய் வாயில் நுரை தள்ளுவதற்குக் காரணம், அதன் கண்களுக்குப் பின்னே புடைத்திருக்கும் சுரப்பிகளிலிருந்து கசியும் வெண்பால். அதை உலர்த்தி மருந்தாக்கும் முறையை லி ஷிஜென் 1578இல் முடித்த சீன மருந்து நூலிலேயே காணலாம். எனினும் தேரைப்பாலில் அட்ரினலின் இருப்பதை ஆபெல், மாக்ட் என்னும் ஆய்வாளர்கள் அமெரிக்காவில் கண்டறிந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதிலுள்ள பூஃபாடையனோலைடுகள், அதாவது இதயத் தசையின் உப்புச் சமநிலையைக் குலைத்து அதன் துடிப்பைச் சீர்கெடுக்கும் பொருள்கள், எதிலிருந்து உருவாகின்றன என்பதே நெடுநாள் விடை காணாத வினாவாக இருந்தது.

கதிரியக்கக் கரிமம் ஏற்றிய கொலஸ்டிராலைத் தேரைக்குச் செலுத்தி, அது நஞ்சாக மாறுவதை 1957இல் சிப்பர்ஸ்டைன் குழுவினர் காட்டினர். பித்த அமிலங்களை ஒத்த இடைப்பொருள்கள் வழியாக அம்மாற்றம் நிகழ்வதை 1969இல் வந்த ஆய்வு உணர்த்தியது. கொலஸ்டிராலோ எல்லா விலங்குடலிலும் உள்ள கொழுப்புப் பொருள். ஆதலால் எறும்பிலும் உண்ணியிலுமிருந்து நஞ்சைப் பெறும் அமெரிக்க வெப்பமண்டலத்து நச்சுத் தவளைகளைப்போல் இத்தேரை குறிப்பிட்ட இரையை நம்பியிருக்க வேண்டியதில்லை. (தேரைக் குடும்பத்திலேயே தென் அமெரிக்காவின் சில சிறு இனங்கள் உணவிலிருந்து நஞ்சு சேர்ப்பது விதிவிலக்கு.) பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் இத்தேரை தோட்டங்களில் நிலைத்திருப்பதற்கு எதையும் தின்னும் அதன் இயல்போடு இந்தத் தற்சார்பும் துணைநின்றிருக்கலாம்.

தேரையைத் தின்று, அது பாடுபட்டு ஆக்கிய நஞ்சைப் பறித்துத் தன் கழுத்துச் சுரப்பிகளில் சேர்த்துக்கொள்ளும் பாம்பும் உண்டு. ஜப்பானில் தேரையே இல்லாத கின்காசான் தீவில் பிடிபட்ட புலிவரிப் பாம்புகளின் கழுத்துச் சுரப்பிகளில் இந்நஞ்சு இல்லை என 2007இல் வெளிவந்த ஆய்வு நிறுவியது. அப்பாம்பின் உறவினமான செங்கழுத்துப் பாம்பு மலாயத் தீபகற்பத்திலும் வாழ்கிறது.