ளயீஃப்: பழிச்சொல் அன்று

கோவையின் கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் ஒரே அரபுச் சொல் ஒரே தெருவில் இரண்டு ஒலிகளில் வழங்குகிறது. அரபியின் ‘ளாத்’ எழுத்தை இராவுத்தர் முதலான தமிழ் முஸ்லிம்கள் ளகரமாக ஒலிப்பர். உர்தூ பேசுவோர் ஜகரமாக ஒலிப்பர். ரமளான், ரம்ஜான் என்பதும், பர்ளு, பர்ஜு என்பதும் இவ்வாறு அமைந்தவையே. தமிழ் வீட்டில் ‘ளயீஃப்’ ஆவதும் உர்தூ வீட்டில் ‘ஜயீஃப்’ ஆவதும் ஒரே சொல்தான்.

வேறுபாடு ஒலியோடு நின்றுவிடவில்லை. பாரசீகத்தின் வழியாக உர்தூவுக்கு வந்த இச்சொல் அங்கே முதியவரைக் குறிக்கலாயிற்று. ‘ஜயீஃப்’ என்றால் தள்ளாத வயதினர், மூதாட்டி ‘ஜயீஃபா’. கொங்கு நாடு 1799 வரை மைசூர் அரசர்களின் ஆட்சியில் இருந்தது. உர்தூ பேசும் குடும்பங்கள் இப்பகுதியில் வேரூன்றியதில் அந்த ஆட்சிக்குப் பங்குண்டு. தமிழ் முஸ்லிமுக்கோ இது வீட்டுச் சொல் அன்று, மதரசாவின் கலைச்சொல். ‘இந்த ஹதீஸ் ளயீஃப்’ என்னும் தொடரில்தான் அவர் இதைக் கேட்கிறார். 1980களிலிருந்து நபிமொழிகளின் தரம் பற்றிய விவாதம் மேடைகளுக்கு வந்தபின், பாமரரும் அறிந்த சொல்லாக இது பரவியது. அறிவு பரவியது நன்மையே. ஆனால் பெரியவர் ஒருவர் ஓதிவரும் துஆவை இளைஞர் ஒருவர் ‘அது ளயீஃப்’ என்ற ஒரே சொல்லால் வாயடைக்கச் செய்வதையும் நாம் காண்கிறோம். ஆய்வுச் சொல் பழிச்சொல்லாக மாறிவிட்டது.

திருக்குர்ஆனில் இச்சொல் மனிதனின் இயல்பைக் கூறுகிறது. மனிதன் பலவீனனாகப் படைக்கப்பட்டுள்ளான் என்பது (4:28) அவன்மீது சாட்டப்பட்ட குற்றம் அன்று. அவனது சுமையை இறைவன் இலேசாக்குவதற்குச் சொல்லப்படும் காரணம். பலவீனத்தில் தொடங்கி, வலிமை பெற்று, மீண்டும் பலவீனத்துக்கும் நரைக்கும் திரும்பும் வாழ்வை மற்றொரு வசனம் (30:54) வரைகிறது. இங்கு ‘ளஅஃப்’ என்றும் ‘ளுஅஃப்’ என்றும் இரு ஓதல்கள் உண்டு. முன்னது அறிவின் தளர்ச்சி, பின்னது உடலின் தளர்ச்சி என்று மொழியறிஞர் கலீல் வேறுபடுத்தியதாக இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானீ எடுத்துரைக்கிறார். ‘முஸ்தள்அஃபீன்’ (4:75) என்பதோ பிறரால் பலவீனர் ஆக்கப்பட்டோர். அங்கே பழி ஒடுக்கியவர்மீது விழுகிறது.

ஹதீஸ் கலை அறிஞர்கள் இச்சொல்லை எவ்வளவு நுட்பமாகக் கையாண்டனர் என்பதற்குக் கூஃபாவின் அதாஉ இப்னு ஸாயிப் (இறப்பு ஹிஜ்ரி 136) சான்று. அவர் நம்பகமானவர், முதுமையில் நினைவு குழம்பியது. அறிஞர்கள் அவரை முழுவதுமாக ஒதுக்கவில்லை. குழப்பம் நேர்வதற்கு முன் கேட்டவர் யார், பின் கேட்டவர் யார் என்று பிரித்தனர். ஷுஅபா, ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீ ஆகியோர் முன்னரே கேட்டதால் அவர்கள் வழி வந்த அறிவிப்புகள் ஏற்கப்பட்டன. எகிப்தின் காஜி இப்னு லஹீஆ (இறப்பு ஹிஜ்ரி 174) மற்றொருவர். அவருடைய ஏடுகள் தீக்கிரையானதாகவும், அதன்பின் அவரது அறிவிப்பில் பிழை மிகுந்ததாகவும் சொல்லப்படுகிறது. அவரிடம் அறிவித்தவர்களுள்ளும் இப்னுல் முபாரக், இப்னு வஹ்பு போன்றோரின் வழி மேலானதாக மதிக்கப்பட்டது. ஆக, உர்தூ வீடு முதுமை என்று அழைப்பதையும் மதரசா தரக்குறைவு என்று அழைப்பதையும் இணைக்கும் இடம் அதாஉவின் வாழ்வில் இருக்கிறது.

ளயீஃப் என்பது ‘மவ்ளூஃ’ என்னும் இட்டுக்கட்டப்பட்ட செய்தி அன்று. இமாம் நவவீ (இறப்பு ஹிஜ்ரி 676) நற்செயல்களின் சிறப்புகளில் அதன்படி செயல்படலாம் என்றார். இப்னு ஹஜர் (இறப்பு ஹிஜ்ரி 852) அதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்ததை அவருடைய மாணவர் ஸகாவீ பதிவுசெய்தார்: பலவீனம் கடுமையாக இருத்தல் கூடாது, செய்தி ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு பொதுநெறிக்குள் அடங்க வேண்டும், நபி (ஸல்) அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள் என்று நம்பாமல், பேணுதலாகவே செயல்பட வேண்டும். மாலிக்கீ அறிஞர் அபூபக்ர் இப்னுல் அரபீ (இறப்பு ஹிஜ்ரி 543) இதனையும் ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு பழையது. ஆனால் எவ்வகைப் பலவீனம், எங்கே, எப்போது நேர்ந்தது என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்வது அவர்களின் வழி அன்று.

இமாமத் செய்பவர் தொழுகையை நீட்டலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தபோது கூறிய காரணம், பின்னே நிற்பவர்களுள் பலவீனரும் நோயாளியும் முதியவரும் உள்ளனர் என்பதே. அங்கே அவர்கள் பயன்படுத்திய சொல்லும் ‘ளயீஃப்’தான். ஸஃப்பில் அருகே நிற்கும் முதியவரை நோக்கி அச்சொல்லை எறிவோர், அவருக்காகவே தொழுகை இலேசாக்கப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ளட்டும்.