நாலு மணிக்குப் பிறகு

சேலம் மாவட்டத்தின் மலைகளில் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் பல உண்டு. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ஒன்று, சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலுள்ள மான்ட்ஃபோர்ட் பள்ளி. புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1917-இல் தொடங்கியது. மற்றொன்று, கல்வராயன் மலையில் கருமந்துறையிலுள்ள அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி. ஒன்றில் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். மற்றதில் படிப்பு, சோறு, தங்குமிடம் எல்லாம் அரசின் செலவு. இவற்றைப் போய் ஒப்பிடுவதா என்று சிலருக்குத் தோன்றலாம். இரண்டும் விடுதிப் பள்ளிகள் என்பதுதான் என் பதில். கடைசி மணி அடித்த பிறகும் பிள்ளை பள்ளியின் பொறுப்பில்தான் இருக்கிறது. மாலை நாலு மணியிலிருந்து இரவு விளக்கணைக்கும் வரை அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு விடுதிப் பள்ளியை மதிப்பிட வேண்டும்.

முதலில் கருமந்துறை. 2025 ஜூன் மாதம் இந்தப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வில் பழங்குடியினர் பிரிவில் அகில இந்திய அளவில் 417-ஆம் இடம் பெற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் சேரும் தகுதி பெற்றார். தந்தை தையல் தொழிலாளி; புற்றுநோயால் இறந்துவிட்டவர். மேற்படிப்புச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, பச்சைமலை சின்ன இலுப்பூர் பழங்குடியினர் பள்ளி மாணவி ஒருவர் திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப்பொறியியல் படிக்க இடம் பிடித்தார். அவருடைய பெற்றோர் கூலித் தொழிலாளிகள்.

இந்த வெற்றியின் எடை தெரிய, தேர்வை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஜே.இ.இ. மெயின் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அதில் தேறி அடுத்த படிக்குப் போனால், அட்வான்ஸ்டு கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். ஒரே நாளில் இரண்டு தாள், தாளுக்கு மூன்று மணி நேரம். வீட்டிலும் வகுப்பிலும் தமிழே புழங்குகிற மலைப்பிள்ளை, இயற்பியலோடும் கணக்கோடும் போராடும் அந்த ஆறு மணி நேரமும் வேற்றுமொழியோடும் போராட வேண்டும். நகரத்துப் பிள்ளை எட்டாம் வகுப்பிலேயே பயிற்சி மையத்தில் சேர்ந்து பழகிவிடுகிற விஷயம் இது. 417 என்ற எண்ணை இதையெல்லாம் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

உண்டு உறைவிடப் பள்ளி இல்லையென்றால் இது நடந்திருக்கவே முடியாது என்றுதான் நினைக்கிறேன். கல்வராயனிலும் பச்சைமலையிலும் மானாவாரி விவசாயம் கைகொடுக்காத மாதங்களில் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் கேரளத்துக்கும் குடகுக்கும் மிளகு, காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விடுகின்றன. விடுதி இல்லாவிட்டால் பிள்ளையும் கூடவே போகும். படிப்பு அந்த வருடத்தோடு நின்றுபோகும். பழங்குடியினர் நலத்துறை தமிழ்நாடு முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட இத்தகைய பள்ளிகளை நடத்துகிறது. இரவு வேளைச் சாப்பாடும் படுக்க ஓர் இடமும்தான் அந்தப் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டைக் காப்பாற்றுகின்றன.

இப்போது ஏற்காட்டுக்கு வருவோம். மான்ட்ஃபோர்ட்டின் பழைய மாணவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் சசி தரூர், அன்புமணி ராமதாஸ், நடிகர் விக்ரம், கிரிக்கெட் வீரர் ரோஜர் பின்னி. இந்தியா கோப்பை வென்ற 1983 உலகக் கோப்பைப் போட்டியில் 18 விக்கெட் எடுத்து முதலிடத்தில் இருந்தவர் பின்னி. விக்ரமின் கதை இன்னும் பொருத்தமானது. பள்ளியில் மோலியேரின் நாடகமொன்றைப் போட ஏற்பாடாகியிருந்தது. கதாநாயகனாக நடிக்க வேண்டிய மாணவனுக்கு அம்மை போட்டுவிட, அந்த வேடம் நாடகக் குழுவில் இருந்த விக்ரமுக்கு வந்தது. கராத்தே, குதிரையேற்றம், நீச்சல் என்று அங்கே கிடைத்த வாய்ப்புகள்தான் தனக்குத் தன்னம்பிக்கை தந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். பள்ளியில் நாடகக் குழு ஒன்று இருந்ததால்தான், ஒருவன் படுத்ததும் வேடம் கட்ட இன்னொருவன் கிடைத்தான்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. நாம் மான்ட்ஃபோர்ட்டை நினைவுகூரும் பெயர்களில் பாதி மைதானத்திலிருந்தும் மேடையிலிருந்தும் வந்தவை. பழங்குடியினர் பள்ளி பத்திரிகையில் இடம்பிடிப்பதோ அனேகமாகத் தேர்வு முடிவு வரும்போது மட்டும். ஒரு மாணவி ஐ.ஐ.டி.க்குப் போனால் படம் போடுகிறோம். அதே பள்ளியில் நன்றாக ஓடுகிற, பாடுகிற, கதை எழுதுகிற பிள்ளைகளை யார் கேட்கிறார்கள்? திருவிழாவில் விடிய விடிய ஆடிப் பாடும் சமூகத்தின் பிள்ளைகள் அவர்கள். மேடை அவர்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்து மேடைதான் புதிது.

மான்ட்ஃபோர்ட்டுக்கு நூற்றாண்டு தாண்டிவிட்டது. அங்கே சேரும் பிள்ளைகளில் பலருக்குப் படித்த தாய் தந்தையர் உண்டு. ஒரு தேர்வில் சறுக்கினாலும் குடும்பம் தாங்கும். கருமந்துறைப் பிள்ளைக்கு அந்தத் தாங்கல் கிடையாது. ஆகவே சாதனையை வைத்து மட்டும் எந்தப் பள்ளி பெரியது என்று கேட்டால், கடந்த தூரத்தைக் கணக்கிட்டு நான் கருமந்துறைக்கே முதலிடம் தருவேன். பள்ளி நடத்தும் முறையில் கற்றுக்கொள்ள வேண்டியது மான்ட்ஃபோர்ட்டிடம் இருக்கிறது. நாலு மணிக்குப் பிறகுள்ள நேரத்தைப் பாடத்துக்கு இணையாக மதிப்பதுதான் அது.

ஏற்காடு பழங்குடியினருக்கான தனித் தொகுதி. கரடியூர் முதலான மலைக் கிராமங்களின் பிள்ளைகள் இதே சேர்வராயனில் பிறந்தவர்கள். மலையின் குளிரை நாடி வெளியூர்ப் பிள்ளைகள் வந்து படித்த அதே இடத்தில், இந்த மண்ணின் பிள்ளைகளும் மைதானமும் மேடையும் நூலகமும் உள்ள விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது பேராசை ஆகாது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது; நல்ல தொடக்கம். ஆனால் அதற்கான பயிற்சி போட்டிக்கு முந்தைய சில வாரங்களோடு நின்றுவிடக் கூடாது.

பழங்குடியினர் நலத்துறைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு உண்டு உறைவிடப் பள்ளிக்கும் மாலை நேரத்துக்கென்றே ஓர் உடற்கல்வி ஆசிரியரையும் ஒரு கலை ஆசிரியரையும் நியமியுங்கள். அவர்கள் மலையிலேயே தங்க வீடும் கட்டிக்கொடுங்கள். நூலகத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் திறந்து வையுங்கள். வரும் கல்வியாண்டிலேயே, கருமந்துறையிலிருந்தே இதைத் தொடங்கலாம்.